வெளிநாட்டில் வாடகைக் கார்: டெபாசிட்டுக்கு ஒரு கார்டு, பில்லுக்கு வேறு கார்டு

வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கும்போது டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டை (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ப்ரீபெய்டு கார்டு) நீட்டாதீர்கள். அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுத்துவிட்டு, காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகைப் பில்லை மட்டும் ஃபாரெக்ஸ் கார்டில் கட்டுங்கள்.

டெபாசிட் தொகையை வாடகை நிறுவனத்தார் பெரும்பாலும் எடுப்பதில்லை, பிடித்துத்தான் வைக்கிறார்கள். கிரெடிட் கார்டில் லிமிட் மட்டும் குறையும். பணம் நகராததால் கரன்சி மாற்றக் கட்டணமும் விழாது. ஃபாரெக்ஸ் கார்டிலோ தி.நகரில் நின்று நாம் ஏற்றிய டாலரே முடங்கிவிடும். காரைக் கொடுத்த பிறகும் அது விடுபடப் பல நாள் ஆகலாம். அதற்குள் சென்னைக்கே வந்துவிட்டிருப்போம். (ப்ரீபெய்டு கார்டை டெபாசிட்டுக்கு வாங்காத நிறுவனங்களும் நிறைய.) பில்லுக்கு ஃபாரெக்ஸ் ஏன் என்றால், கிரெடிட் கார்டில் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீத மார்க்கப் (கரன்சி மாற்றக் கட்டணம்), அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டு மெஷின் ரூபாயில் எடுக்கவா என்று கேட்டால் வேண்டாம், உள்ளூர் கரன்சியையே தேர்ந்தெடுங்கள்.

டெபாசிட் பிடித்த கார்டிலேயே பில்லும் போடுவோம் என்று அடம்பிடிக்கும் கவுண்டர்கள் உண்டு. அங்கே இது செல்லாது, சாவி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மார்க்கப் இல்லாத கிரெடிட் கார்டு இருந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை. டெபாசிட் கார்டில் ஓட்டுபவர் பெயர்தான் இருக்க வேண்டும். அப்பாவின் கார்டு பொதுவாக எடுபடாது. மீனம்பாக்கம் கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். 2020-லிருந்து புதுக் கார்டுகளில் அது ஆஃப் ஆகித்தான் வருகிறது.