ஊருக்கு வருகிறவர்களுக்கு ‘எங்கே போகலாம்’ பட்டியல் போட்டுக் கொடுப்பது எப்படி?

“அடுத்த வாரம் உங்க ஊருக்கு வர்றோம், எங்கெல்லாம் போகலாம்?” என்று யாராவது கேட்டதும் நம்மில் பலர் உற்சாகத்தில் பதினைந்து இடங்களின் பெயரை மளமளவென்று தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். வாங்கிக்கொண்டவர் ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்ப்பார், எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும், எதை விடுவது என்று தெரியாமல் கடைசியில் எல்லோரும் போகும் இரண்டு இடங்களுக்கே போய்விட்டுத் திரும்புவார். இடத்தின் பெயர் இணையத்திலேயே கிடைக்கிறது. எதை எப்போது பார்க்கலாம், எதைத் தைரியமாக விட்டுவிடலாம் என்பது அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் தடவை ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பிடிக்கும், அடுத்த தடவையிலிருந்து கொஞ்சம் மாற்றினால் போதும்.

படி 1: முதலில் நீங்கள் கேளுங்கள்

எத்தனை பேர், என்ன வயது, எத்தனை நாள், எங்கே தங்குகிறார்கள், எந்தெந்தக் கிழமை இருப்பார்கள், ஒரேயடியாக எவ்வளவு தூரம் நடப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நான் ஒரு தடவை கேட்காமல் விட்டேன். நண்பனின் பெற்றோர் வந்திருந்தார்கள், ஊருக்கு வெளியே ஒரு குன்று இருக்கிறது, “மேலே நின்றால் ஊரே தெரியும், தவறவிடாதீர்கள்” என்று எழுதிக் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து ஓடி ஏறிய இடம் என்பதால் அங்கே படிகள் இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் ஏறி இறங்கும்வரை அவர் அடிவாரத்திலேயே இருந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, அந்த வாரமே போய் எண்ணினேன்: 212 படிகள், கைப்பிடி பாதி தூரம்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்றால் “எதுவானாலும் சரி” என்றுதான் பதில் வரும். “கடைசியாகப் போன ஊரில் எது ரொம்பப் பிடித்திருந்தது?” என்று கேட்டால் ஒருவர் பழைய தெருக்களில் சும்மா சுற்றியதைச் சொல்வார், இன்னொருவர் மூன்று மணி நேரம் அருங்காட்சியகத்தில் நின்றதைச் சொல்வார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

படி 2: குறையுங்கள்

ஒரு நாளுக்கு மூன்று இடம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் பார்த்து “இவர்களோடு நானும் சந்தோஷமாகப் போவேனா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள், தயங்கினால் அடித்துவிடுங்கள். அதே சமயம், நமக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பதற்காக ஊரின் பெயர்போன இடத்தை நீக்கக்கூடாது. அவர்களுக்கு அது முதல் தடவை.

படி 3: பகுதி பகுதியாகச் சேருங்கள்

நியூயார்க்கில் 1992-இல் லின் புரூக்ஸ் என்பவர் ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஊரைப் பார்க்க வருகிறவர்களை அங்கேயே வாழும் தன்னார்வலர்கள் தங்கள் பகுதிக்குள் இலவசமாக நடத்திக் கூட்டிப் போவார்கள். இதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் பல நகரங்களில் இதே மாதிரி ஆரம்பித்தார்கள். பெரிய ஊரை முழுசாகக் காட்ட முயலாமல் ஒரு பகுதியை நிதானமாகக் காட்டுவது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. நம் பட்டியலும் அப்படியே இருக்கட்டும், ஒரு நாளுக்கு ஒரு பகுதி.

வரைபடத்தில் இரண்டு இடங்கள் பக்கத்தில் தெரிந்தாலும் நடுவே ரயில் பாதையோ ஆறோ இருந்தால் சுற்றித்தான் போகவேண்டும், அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அப்புறம், நடக்க 20 நிமிடம் என்று மேப் காட்டினால் நான் 35 என்று எழுதுவேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர் நின்று நின்று பார்ப்பார், படம் எடுப்பார், ஒரு தடவையாவது வழி தவறுவார்.

படி 4: ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பு எழுதுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். “ஆற்றங்கரை நடைபாதை, சூப்பரா இருக்கும், கட்டாயம் போங்க” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஆற்றங்கரை நடைபாதை. மாலை ஐந்து மணிக்கு மேற்கு முனையில் ஆரம்பித்துக் கிழக்கே நடங்கள், எதிர்ப்பக்கமாக வந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஒன்றரை கிலோமீட்டர், சமதளம், சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பாதி வழியில் பெரிய மரத்தடியில் பெஞ்சுகள், அதற்குப் பின்னால் கழிப்பறை. கடைசி 300 மீட்டரில் விளக்கு இல்லை, அதனால் இருட்டுவதற்கு முன்பே சரிவுப் பாதை வழியாக மேலே வந்துவிடுங்கள், எதிரிலேயே பேருந்து நிறுத்தம்.”

எங்கே ஆரம்பிப்பது, எந்த நேரம், உடம்புக்கு எவ்வளவு சிரமம், உட்கார இடம், திரும்பி வருவது எப்படி, எல்லாம் அதில் வந்துவிட்டது. திரும்பும் வழியைப் பலர் எழுதுவதே இல்லை. போகும்போது தெம்பு இருக்கும், திரும்பும்போதுதான் அலுப்பும் இருட்டும் சேர்ந்துகொள்ளும்.

விடுமுறை நாளையும் மறக்காமல் சேருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, தாஜ்மகாலுக்கு வெள்ளி. நாள் தெரியாமல் போனவர் மூடிய வாசலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். மழை வந்தால் போக, கூரையுள்ள ஓர் இடத்தையும் ஒவ்வொரு நாளின் கடைசியிலும் எழுதி வைத்துவிடுங்கள்.

படி 5: மேப்பில் ஏற்றுங்கள்

கூகுள் மேப்ஸில் இடத்தைத் தொட்டு ‘சேவ்’ கொடுத்தால் புதிய லிஸ்ட் உருவாக்கலாம், ஒவ்வொரு இடத்துக்கும் கீழே உங்கள் குறிப்பையும் ஒட்டலாம், பிறகு முழு லிஸ்ட்டையும் ஒரே லிங்க்காக அனுப்பலாம். நாளுக்கு ஒரு லிஸ்ட் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முகவரியே இல்லாத இடங்கள் உண்டு, ஒரு படித்துறை, ஒரு குறுக்குச் சந்து இப்படி. அதற்குப் பிளஸ் கோட் இருக்கிறது. மேப்பில் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி (‘பின்’) விழும், அதன் விவரத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோட் தெரியும். ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர் அளவுள்ள சதுரத்தை அது குறிக்கும், அந்த இடத்துக்குக் கூட்டிப்போக அது போதும்.

நெட் கிடைக்காத வேளைக்கு மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் கூகுள் மேப்ஸ் நெட் இல்லாதபோது காரில் போகும் வழியைத்தான் காட்டும், நடக்கும் வழி கிடைக்காது. நடப்பவர்களுக்கு நான் ஆர்கானிக் மேப்ஸ் செயலியைச் சொல்வேன். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்குவது, நெட் இல்லாமலே நடைவழி காட்டும்.

படி 6: நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள்

அனுப்புவதற்கு முன் ஒரு நாள் பட்டியலையாவது கையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் புதிதாக வந்தவர் போல நடந்து பாருங்கள். ஒரு வாசல் மூடியிருக்கும், ஒரு பாதை தோண்டிப் போட்டிருக்கும், பெஞ்ச் இருந்த இடத்தில் இப்போது பெஞ்ச் இருக்காது. திருத்திவிட்டு, எந்த மாதம் எந்த ஆண்டு பார்த்து எழுதியது என்று மேலேயே போடுங்கள்.

போய் வந்தவர்களிடம் “எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், “எதைப் பாதியில் விட்டீர்கள்?” என்றும் கேளுங்கள். முழங்கால் வலியோடு கீழேயே இருந்த அந்த அம்மா, உட்கார்ந்து அலுத்துப்போய், அடிவாரத்துக் குளத்தை மெல்லச் சுற்றி வந்திருக்கிறார். முழுக்க நிழல், தரை சமம், அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது என் பட்டியலில் குன்றுக்கு நேராக “212 படிகள், கைப்பிடி பாதி வரைதான், ஏற முடியாதவர்கள் குளத்தை இடப்பக்கமாகச் சுற்றி வரலாம்” என்று இருக்கிறது.