பிரிட்டன் வேலை விசா: ஃபீஸை மட்டும் கேட்டால் கால்வாசிக் கணக்குதான் தெரியும்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே ஊரிலிருந்து போன் வரும். "அண்ணா, விசா ஃபீஸ் எவ்வளவு?" ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, அதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவுக்கு, பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால், மூன்று வருஷம் வரை 769 பவுண்டு; அதற்கு மேல் 1,519 பவுண்டு. 2025 ஏப்ரல் 9 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணம் இது; கீழே வரும் விசாக் கட்டணங்களும் அந்த வருஷத்து விலைதான். சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும், "அவ்வளவுதானா!" என்று. அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சங்கதி, இது தலைக்கு. மனைவிக்கும் அதே தொகை, பள்ளிக்கூடம் போகாத கைக்குழந்தைக்கும் அதே தொகை. பஸ்ஸில் கிடைக்கிற அரை டிக்கெட் இங்கே கிடையாது.

இரண்டாவது சங்கதிதான் ஆளை விழுத்தாட்டுவது. இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ், நம் ஆட்கள் வாயில் ஐஎச்எஸ். என்எச்எஸ், அதாவது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைக்காக, அரசு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் பணம். பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 776. மாதாமாதம் கட்டுவதில்லை, விசாக் காலம் எத்தனை வருஷமோ அத்தனைக்கும் மொத்தமாக, விண்ணப்பிக்கும் அன்றே கட்ட வேண்டும். 2015இல் இது 200 பவுண்டாகத் தொடங்கியது. பிறகு 400, பிறகு 624, 2024 பிப்ரவரி 6 முதல் 1,035. வேலைக்குச் சேர்ந்த பிறகு சம்பளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடிப்பார்கள், வருமான வரியும் பிடிப்பார்கள். ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கட்டுகிறோமே என்று வந்த புதிதில் நானும் புலம்பியிருக்கிறேன். புலம்பலாம், கட்டாமல் இருக்க முடியாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்து வருஷ விசா. விண்ணப்பக் கட்டணம் நான்கு பேருக்கு 6,076. ஐஎச்எஸ் பெரியவர்கள் இருவருக்கும் 10,350, பிள்ளைகளுக்கு 7,760. மொத்தம் 24,186 பவுண்டு. ரூபாயில் 25 லட்சத்தைத் தாண்டும். இதில் நீங்கள் போனில் கேட்ட 'ஃபீஸ்' கால்வாசிதான்.

உடனே எல்லோரும் கேட்பது, மூன்று வருஷத்துக்கு மட்டும் எடுத்தால் மிச்சமாகுமா? இன்றைக்குக் கையை விட்டுப் போகிற பணம் குறையும். 13,942 பவுண்டோடு முடியும். ஆனால் மூன்று வருஷம் கழித்து இங்கிருந்தபடியே இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கும்போது, உள்நாட்டு விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 885, அதோடு இரண்டு வருஷ ஐஎச்எஸ். இதே 2025 விலையிலேயே அது 10,784. இரண்டையும் கூட்டினால், ஒரே மூச்சில் ஐந்து வருஷம் எடுப்பதைவிட 540 பவுண்டுதான் அதிகம். இடையில் கட்டணம் ஏறினால் அந்த வித்தியாசம் பெருகும். ஆனாலும் இந்த நாடு ஒத்துவருமா, வேலை நிலைக்குமா என்று மனத்தில் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தால் நான் மூன்று வருஷத்தையே சொல்வேன். விசாக் காலம் முடியும் முன்பே ஊர் திரும்பினால் மிச்ச வருஷத்து ஐஎச்எஸ்ஸைத் திருப்பித் தர மாட்டார்கள்.

எத்தனை வருஷம் என்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல. கம்பெனி கொடுக்கும் சிஓஎஸ், அதாவது ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் உள்ள தேதிகள்தான் தீர்மானிக்கும். அந்தத் தேதிகளை வரிக்கு வரி பாருங்கள். முடிவுத் தேதி மூன்று வருஷத்தைச் சில நாள் தாண்டியிருந்தால்கூட 769 என்பது 1,519 ஆகிவிடும். ஐஎச்எஸ்ஸிலும் ஆறு மாதத்துக்குக் குறைவான துண்டுக் காலத்துக்கு அரை வருஷத் தொகை, அதற்கு மேல் போனால் முழு வருஷத் தொகை. நால்வர் குடும்பத்துக்கு அந்தச் சில நாளின் விலை 4,811 பவுண்டு. எச்.ஆரிடம் தேதியைத் திருத்தச் சொல்வதில் கூச்சமே வேண்டாம், விண்ணப்பிக்கும் முன்பு கேட்டுவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரில் ஒருவர் நர்ஸ், டாக்டர், ரேடியோகிராபர் என்று மருத்துவத் துறையில் இருந்தால், யார் பெயரில் வருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுக்கு மூன்று வருஷம் வரை 304, அதற்கு மேல் 590 பவுண்டு. டிபெண்டண்டுகளுக்கும், அதாவது கூட வரும் குடும்பத்தினருக்கும், அதே கட்டணம், ஐஎச்எஸ் யாருக்கும் இல்லை. அதே நால்வர் குடும்பம், அதே ஐந்து வருஷம், மொத்தம் 2,360 பவுண்டு. ஐ.டி. வேலை கணவருக்கும் ஆஸ்பத்திரி வேலை மனைவிக்கும் கிடைத்திருந்தால், கணவர் டிபெண்டண்டாக வந்து அதே ஐ.டி. வேலையைத் தாராளமாகப் பார்க்கலாம். 'ஆம்பளை டிபெண்டண்டா?' என்று ஊரில் யாராவது முகத்தைச் சுளித்தால், 21,826 பவுண்டை அவர்களையே கொடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஐஎச்எஸ் கட்டி வந்த பிறகு மருத்துவத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், நிபந்தனைகள் பொருந்தினால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பக் கோரலாம். பலருக்கு இது தெரியாமலேயே போகிறது.

குடும்பத்தோடு வர முடியுமா என்பதையே சிலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் 11 முதல் புதிதாக விசா எடுத்தவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் 'கேர் விசா வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் ஊரில் முன்பணம் கேட்டால் அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

முன்பணம் என்றதும் சொல்ல வேண்டியது, யார் எதைக் கட்ட வேண்டும் என்பது. கம்பெனி கட்ட வேண்டியது இரண்டு. சிஓஎஸ் கட்டணம் 525 பவுண்டு. இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ், அதாவது வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கு அரசு கம்பெனியிடம் வாங்கும் கட்டணம், பெரிய நிறுவனம் என்றால் வருஷத்துக்கு 1,000 பவுண்டாக இருந்து 2025 டிசம்பர் 16 முதல் 1,320 ஆகியிருக்கிறது. இரண்டையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சிஓஎஸ்ஸுக்கென்று ஒரு ஏஜெண்டிடம் அப்பாவின் நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்து வந்தான். வந்து இறங்கிய பிறகு வேலையும் இல்லை, கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸும் போய்விட்டது. சிஓஎஸ் விலைக்கு விற்கிற பொருள் அல்ல.

உங்கள் விசாக் கட்டணமும் ஐஎச்எஸ்ஸும் வேறு கணக்கு. அவற்றைக் கம்பெனி கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். கட்டினால் குடும்பத்துக்கும் சேர்த்தா, உங்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதைத் தேடிப் படியுங்கள். நான் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

பணம் கட்டும் இரவைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் முதலில் ஐஎச்எஸ், பிறகு விசாக் கட்டணம். நான்கு பேர் என்றால் எட்டு முறை கார்டைத் தட்ட வேண்டும். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பில் முன்பே திறந்துவையுங்கள், தினசரி வரம்பையும் ஏற்றுங்கள். வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். 24,000 பவுண்டுக்கு அது சில்லறை இல்லை. ஏற்கெனவே இங்கிருக்கும் நம்பகமான அண்ணனோ அக்காவோ தங்கள் கார்டில் கட்ட முடிந்தால் அது மிச்சம்.

இந்தியா, இலங்கை இரண்டு நாட்டினருக்கும் டி.பி. பரிசோதனைச் சான்றிதழ் தேவை. அதற்குத் தனிச் செலவு. கைரேகை எடுக்கும் பயோமெட்ரிக் மையத்தில் எஸ்.எம்.எஸ்., கூரியர், சொகுசு அறை என்று நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை. அவசரம் என்றால் சீக்கிரம் முடிவு சொல்லும் 500 பவுண்டு பிரையாரிட்டி சேவை உண்டு, அதுவும் தலைக்குத்தான். வந்த புதிதில் செலவுக்குக் காசு இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் 28 நாள் வைத்துக் காட்ட வேண்டிய 1,270 பவுண்டு கட்டணமல்ல, உங்கள் பணமே. டிபெண்டண்டுகளுக்கு அதற்கு மேல் கூடுதலாகக் காட்ட வேண்டும். கம்பெனி சிஓஎஸ்ஸிலேயே அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டால் காட்டவே வேண்டாம்.

விசா மறுக்கப்பட்டால் ஐஎச்எஸ் திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான்.

நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால் ஐஎல்ஆருக்கென்று, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கென்று, ஒரு உண்டியலை இப்போதே தொடங்குங்கள். 2025 விலையில் தலைக்கு 3,029 பவுண்டு. குழந்தைக்குச் சலுகை இங்கும் இல்லை, நால்வருக்கு 12,116. ஐந்து வருஷத்தில் ஐஎல்ஆர் என்பதைப் பத்து வருஷமாக்கப் போவதாக அரசு 2025 மே வெள்ளை அறிக்கையில் சொன்னது. அப்படி ஆனால் இன்னொரு ஐந்து வருஷ ஐஎச்எஸ்ஸும் கணக்கில் சேரும். உங்கள் தேதிக்கு எந்த விதி பொருந்துகிறது என்பதை அரசுத் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் அல்ல. கட்டணங்களும் அப்படித்தான், பெரும்பாலும் ஏப்ரலில் ஏறுகின்றன, நீங்கள் பணம் கட்டும் நாளில் என்ன விலையோ அதுதான்.

வந்து இறங்கிய வாரமே பக்கத்தில் இருக்கும் ஜி.பி.யில், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில், பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரைப் பார்க்கக் காசு கட்ட வேண்டாம். மருந்துச் சீட்டோடு கடைக்குப் போனால் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கேட்பார்கள். "அதான் ஆயிரத்து முப்பத்தைந்து கட்டினோமே?" என்று கவுண்டரில் கேட்டுப் பார்த்தவன் நான். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கார்டு மிஷினை என் பக்கம் தள்ளினாள்.