மலையில் கடை வைத்திருப்பவர் பேப்பரில் விளம்பரம் கொடுப்பது எப்படி?

குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஸ்வெட்டரும் பள்ளிச் சீருடையும் விற்கிறேன். புதிதாகக் கடை போடும் தம்பிகள் யோசனை கேட்டால் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: சுற்றுலா வருபவரை மனத்தில் வைத்துப் பேப்பரில் விளம்பரம் கொடுக்காதீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர் வாசலில் தொங்கும் கம்பளியைப் பார்த்துத்தான் உள்ளே நுழைகிறார். பேப்பர் படித்துவிட்டு வருகிறவர் அருவங்காட்டிலும் கேத்தியிலும் குடியிருக்கும் நம் ஊர்க்காரர். வருடம் முழுவதும் கடையைத் தாங்குபவரும் அவர்தான்.

கோவைப் பதிப்பு முழுவதற்கும் கொடுத்தால் சூலூர் வாசகருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பள்ளி ஸ்வெட்டர் வாங்க அவர் மலையேறப் போவதில்லை. நீலகிரிக்கு மட்டும் வரும் பக்கம் உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் என்ன என்று கேளுங்கள். கட்டணம் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டர் கணக்கு. 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்றால் 40 சதுர செ.மீ.; சிறு கடைக்கு அதுவே போதும். அதற்கும் வசதி இல்லையென்றால் நோட்டீஸ் அடித்து, முந்தைய நாளே ஏஜென்டிடம் கொடுத்துப் பேப்பருக்குள் வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம்.

எழுதும்போதுதான் பலர் இடத்தை வீணாக்குகிறார்கள். 'தரமான ஆடைகள், நியாயமான விலை' என்று எந்தக் கடைக்காரர்தான் எழுதவில்லை? ஒரே சரக்கு, அதன் விலை, கடை இருக்கும் இடம், இவ்வளவு போதும். உதாரணமாக: 'பள்ளி ஸ்வெட்டர், மெரூன், நீலம். 6 வயது முதல் 16 வயது வரை. ரூ.450 முதல். பஸ் நிலையத்திலிருந்து மவுண்ட் ரோடு ஏறினால் இடப்பக்கம்.' படிக்கும் தாய்க்குத் தன் பிள்ளையின் அளவு கிடைக்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, போன் எண்ணை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

கையில் காசு இருக்கும் நாளைப் பார்த்துப் போடுங்கள். பள்ளி ஜூனில் திறக்கும் என்றால் மே நடுவிலேயே தொடங்க வேண்டும். சிறு விவசாயிகளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இலைப் பணம் மாதந்தோறும் வருகிறது. உங்கள் பகுதியில் அது எந்தத் தேதி என்று விசாரித்து, மறுநாள் விளம்பரம் வரும்படி செய்யுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் மக்கள் வெள்ளை உடுத்துவது வழக்கம். ஜவுளிக் கடைக்காரர் மார்கழி பிறக்கும் முன்பே பேப்பரில் இருக்க வேண்டும்.

விளம்பரத்தின் மூலையில் 'இதை வெட்டிக் கொண்டு வந்தால் ரூ.20 தள்ளுபடி' என்று போடுங்கள். வரும் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து மாதக் கடைசியில் எண்ணினால், போட்ட பணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரியும். ஆனால் அக்டோபர், நவம்பரில் 'இன்று மட்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பேப்பர் கட்டு வந்து சேரவே மதியமாகிவிடும். சலுகைக்கு ஒரு வாரமாவது தவணை கொடுங்கள்.