மாவட்ட ஸ்டார்ட்அப் சங்கங்களின் தலைமை எங்கே சறுக்குகிறது?

கோவை, மதுரை, ஓசூர் போன்ற ஊர்களில் ஸ்டார்ட்அப் சங்கம் தொடங்குவோர் முதலில் திட்டமிடுவது பெரும்பாலும் ஒரு பிட்ச் நாள்தான், அதாவது நிறுவனர்கள் முதலீட்டாளர்கள் முன் தங்கள் தொழிலை விளக்கிப் பணம் கேட்கும் நிகழ்ச்சி. மண்டபம், பேனர், சென்னையிலிருந்து 2 முதலீட்டாளர்கள். விழா நன்றாக நடக்கும். பணம் யாருக்கும் வராது. மொபைல் செயலிகளில் முதலீடு செய்பவர் முன்னால் நூற்பாலைக்கு சென்சார் செய்பவரைப் பேச வைத்தால் வேறென்ன நடக்கும்? அந்த நிறுவனருக்கு அப்போது தேவை, காசு கொடுத்து வாங்கும் முதல் வாடிக்கையாளர். ஆலை, ஃபவுண்டரி (வார்ப்பாலை), பம்ப் கம்பெனி என்று அந்த வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்கிறார். அந்தக் கதவைத் திறந்துவிடுவதுதான் தலைமையின் முதல் வேலை.

"சும்மா மாட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று ஆலை உரிமையாளர் சொன்னதும் வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. இலவசச் சோதனைக்கு முடிவுத் தேதி இருக்காது. 2 மாதம் என்று தொடங்கியது ஓராண்டு இழுக்கும். அதற்குள் நிறுவனரின் கையிருப்பு கரைந்துவிடும். அறிமுகத்தின்போதே ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: சோதனை 60 அல்லது 90 நாள், பொருளுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவாவது ஆலையுடையது, எந்த அளவு எவ்வளவு மாறினால் வெற்றி (மின் யூனிட், இழை அறுந்த எண்ணிக்கை, இயந்திரம் நின்ற நேரம்), வாங்கும் முடிவு யார் கையில், தரவு யாருக்குச் சொந்தம். கருவியை மாட்டுவதற்கு முந்தைய 2 வாரத்து அளவுகளையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் கடைசியில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் மோசமானது, அறிமுகம் செய்துவைத்ததற்கு நிறுவனத்தில் பங்கு கேட்பது. ஸ்டார்ட்அப்களுக்குத் தொடக்க நிதி தரும் தமிழக அரசின் டான்சீட் திட்டமே 10 லட்சம் ரூபாய் கொடுத்துத்தான் 3 சதவீதம் பங்கு பெற்றது. ஒரு போன் அழைப்புக்கு 2 சதவீதம் கேட்பது எந்த வகையில் நியாயம்? இப்படி மூவருக்குக் கொடுத்துவிட்ட இளைஞரிடம் பின்னால் வரும் முதலீட்டாளர், "இவர்கள் எல்லாம் யார்?" என்றுதான் முதலில் கேட்பார். செயற்குழுவினர் ஒவ்வொருவரும் எந்த உறுப்பினர் நிறுவனத்தில் பங்கோ கட்டணமோ பெறுகிறார் என்பதற்கு ஒரு பதிவேடு வையுங்கள். அந்த நிறுவனம் பற்றிய பேச்சு வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போகட்டும். சங்கத் தலைவரே ஆடிட்டராக இருந்தால், உறுப்பினர்களின் கணக்கு வேலையை அவர் தேடிப் போகக்கூடாது.

பணத்தில் நடப்பது பெரும்பாலும் கவனக்குறைவு. செயலாளரின் சொந்த யுபிஐ எண்ணுக்குச் சந்தா வாங்கினால், வருமான வரிக் கேள்வி அவர் பெயரில்தான் வரும். 7 பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்து, இருவர் கையெழுத்துடன் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பெரிய கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கேட்பதற்குமுன் சட்டத்தைப் பாருங்கள்: அந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அது இருந்தாலும், கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை இன்குபேட்டர் (புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) என்ற தலைப்பில் அனுமதிப்பது அரசு நிதி பெறுபவற்றை மட்டுமே. பிட்ச் நாளுக்குக் கேட்டால் கிடைக்காது. வெளிநாட்டுத் தமிழர் நன்கொடையிலும் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வேறு. அமெரிக்கக் குடிமகன் தந்தால், அவர் பிறந்தது பொள்ளாச்சியே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது.

தலைவர் மாறும்போது சால்வையோடு நின்றுவிடாதீர்கள். புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, வங்கிக் கையெழுத்தை மாற்றி, வாட்ஸ்அப் குழு அட்மின், மின்னஞ்சல் கடவுச்சொல், இணையதளப் பெயர்ப் பதிவு எல்லாவற்றையும் ஒரே நாளில் கைமாற்றுங்கள். தனிநபர் பெயரில் இருக்கும் இணையதளப் பெயர், அவர் புதுப்பிக்க மறந்தால் கைவிட்டுப் போய்விடலாம்.