புல்தரை மஞ்சளாகிறதா? முதலில் மண்ணைப் பாருங்கள்

கோவைப் பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணில் புல் வளர்ப்பவர்கள், இளம் இலை வெளுத்தவுடன் யூரியாவைத் தேடுகிறார்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏழரையைத் தாண்டினால் வேரால் அதை எளிதில் எடுக்க முடியாது.

ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. துல்லியமான பிஎச் அளவு வேண்டுமென்றால், ஏழெட்டு இடங்களில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அருகம்புல்லுக்கு பிஎச் 6 முதல் 7 வரை உகந்தது.

நன்றாகப் பொங்கும் மண்ணில் கந்தகம் போட்டு பிஎச்சைக் குறைக்க நினைப்பது காசுக்குக் கேடு. சுண்ணாம்பே அதை விழுங்கிவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகவே போகாது, நான் பட்டிருக்கிறேன். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் இடலாம். அடுப்புச் சாம்பலை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது பிஎச்சை இன்னும் ஏற்றிவிடும்.