யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடைகள்: ஏற்ற இறக்கத்தில் தவிர்க்கவேண்டிய பிழைகள்

கை இறுகினாலும் சனம் அரிசி வாங்கும். மேல்மாடி கட்டுவதைத்தான் தள்ளிப்போடும். பொருளாதாரம் சரியும்போது சீமெந்தும் கம்பியும் விற்பவருக்குப் பலமாக அடி விழுவது இதனால்தான். அதற்கு மேல் கடைக்காரர் தாமே தேடிக்கொள்ளும் நட்டங்கள் வேறு.

பெரிய பிழை, விலையேற்றத்தை இலாபமென்று நம்புவது. 1,200 ரூபாவுக்கு எடுத்த 100 மூடை சீமெந்தை 1,600 படி விற்றால் கொப்பியில் 40,000 ரூபா இலாபம் தெரியும். அடுத்த லோட் 1,700 என்றால், வந்த காசு முழுவதையும் போட்டாலும் 94 மூடைதான். கடை சுருங்கிவிட்டது, முதலாளியோ அந்த ‘இலாபத்தை’ நம்பி வான் ஒன்றுக்கு லீசிங் போட்டிருப்பார். பழைய பில்லை விட்டு, அடுத்த லோட்டின் விலையைப் பார்த்து விலை போடுங்கள். அதற்காக உச்ச விலையில் களஞ்சியத்தை நிரப்பவும் கூடாது. 2023 இல் ரூபாய் பலப்பட்டு விலை இறங்கியபோது அப்படி நிரப்பிய சரக்குத்தான் கையைக் கடித்தது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கும் காலம். அந்த வியாபாரத்தை மீட்சியென்று எண்ணிப் புதிதாகப் பெடியங்களைச் சேர்க்க வேண்டாம். ஆவணியைப் போன வருட ஆவணியோடு ஒப்பிடுங்கள், அதுவும் மூடைக் கணக்கில். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அந்த நேரம் ரூபாக் கணக்கு எவருக்கும் வளர்ச்சியாகவே தெரியும்.

தெரு முழுக்க வியாபாரம் படுத்திருக்கையில் விலையை வெட்டுவதும் வீண். 50 ரூபா குறைந்ததற்காக ஒருவரும் வீடு கட்டத் தொடங்குவதில்லை; பக்கத்துக் கடையும் வெட்டும், அவ்வளவுதான். திருத்தவேலைச் சாமான்கள் பக்கம் திரும்புவது மேல். ஐப்பசி மழையில் ஒழுகும் கூரை பொருளாதாரம் தேறும்வரை காத்திருக்காது.

கடைசியாகக் கடன் கொப்பி. “அண்ணை, நல்லூர் முடியத் தாறன்” என்பவருக்குக் காசு எங்கிருந்து வரப்போகிறது என்று விசாரியுங்கள். கனடாவிலிருந்து தமக்கை அனுப்பும் காசில் மதில் கட்டியவருக்கு, ரூபாய் விழுந்த 2022 இல் ஒவ்வொரு டொலருக்கும் கூடுதலாகவே கிடைத்தது. அரசாங்க வேலை எடுத்த ஒப்பந்தகாரருக்கோ பில் காசு இழுபட்டது. இருவருக்கும் ஒரே தவணை கொடுப்பது புத்தியல்ல.

ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலாக வங்கியிடம் வட்டிக்கு எடுத்து, அந்தக் கொப்பிக் கடனைச் சுமப்பது இன்னும் மோசம். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கி உங்களிடம் வட்டியைக் கூட்டி வாங்கும். கொப்பியில் இருப்பவரிடம் நீங்கள் ஒரு சதமும் கூட்டி வாங்க முடியாது. ஆகவே 60 நாள் தாண்டிய பெயருக்குப் புதுக்கடன் வேண்டாம், சொந்த மச்சானாக இருந்தாலும்.