‘யூஸ்ட் டு’: நின்றுபோன பழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

பல ஆண்டுகளுக்கு முன், வேலைக்கான ஒரு நேர்முகத் தேர்வில் என் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் தயங்காமல், ‘ஐ யூஸ்ட் டு ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்’ என்றேன். எதிரே அமர்ந்திருந்த அம்மையார் புருவத்தை உயர்த்தி, ‘ஏன் நிறுத்திவிட்டீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நிறுத்தவே இல்லை. அன்று காலையிலும் பேருந்து நிலையத்தில் நாளிதழ் வாங்கிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது வீடு திரும்பி இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

‘யூஸ்ட் டு என்றால் வழக்கம்’ என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘காலையில் நாளிதழ் படிப்பது என் வழக்கம்’ என்ற தமிழ் வாக்கியம் இன்றும் தொடரும் பழக்கத்தைக் குறிக்கிறது. ‘யூஸ்ட் டு’ சேர்த்துச் சொன்னால், முன்பு இருந்து இப்போது இல்லாமற்போன பழக்கம் என்றே கேட்பவர் பொருள்கொள்வார். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் நிகழ்காலத்திலும் வழக்கத்தைக் குறித்து வந்தது. பின்னர் அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் மட்டும் எஞ்சியது.

படி 1: பழக்கம் தொடர்கிறதா என்று பாருங்கள்

வாயைத் திறப்பதற்கு முன் ‘இதை இப்போதும் செய்கிறேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ‘யூஸ்ட் டு’ வேண்டாம். ‘ஐ ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்’ என்ற சாதாரண நிகழ்கால வாக்கியமே போதும். ‘வழக்கமாக’ என்ற சொல்லையும் சேர்க்க விரும்பினால் ‘ஐ யூஷுவலி ரீட்’ என்று தொடங்கலாம். இல்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 2: வாக்கியத்தை அமையுங்கள்

அமைப்பு மிக எளிது. எழுவாய், அதன்பின் ‘யூஸ்ட் டு’, அதன்பின் வினைச்சொல்லின் மூல வடிவம். எழுவாய் நானோ, அவளோ, அவர்களோ, எதுவானாலும் வடிவம் மாறுவதில்லை: ‘ஷீ யூஸ்ட் டு ஒர்க் இன் எ பேங்க்’ என்றால், அவள் முன்பு வங்கியில் வேலை பார்த்தாள், இப்போது இல்லை.

அமைப்பு எளிது என்றாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘சிறு வயதில் நாங்கள் ஆற்றில்தான் குளிப்போம்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசினாலும், ‘குளிப்போம்’ என்பதில் இருப்பது, எதிர்கால இடைநிலை என்று நாம் பள்ளியில் படித்த ‘ப்ப்’ தான். பழைய பழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்வது தமிழின் இயல்பு. பாட்டி தன் இளமைக் கதையைச் சொல்லும்போது ‘விடியக்காலம் எழுந்திருப்போம், கிணற்றில் நீர் இறைப்போம், ஏழு மணிக்குள் சமையலை முடித்துவிடுவோம்’ என்றுதான் சொல்வார். இந்தப் பழக்கத்தில் நாம் ‘இன் மை சைல்ட்ஹுட் வி வில் பேத் இன் தி ரிவர்’ என்று ‘வில்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலேயர் காதுக்கு இது, கடந்துபோன குழந்தைப் பருவத்தில் இனிமேல் குளிக்கப் போவதைப் போலக் கேட்கும். ‘வி யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்’ என்பதே சரி. ஆகவே ‘முன்பெல்லாம்’, ‘அந்தக் காலத்தில்’, ‘சின்ன வயதில்’ ஆகிய சொற்களோடு ‘செய்வேன்’, ‘போவோம்’, ‘செய்வதுண்டு’ போன்ற முடிவு வந்தால் அங்கே ‘யூஸ்ட் டு’ பொருந்தும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ‘வுட்’ என்ற சொல்லையும் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குப் போடலாம். ‘எவ்ரி சம்மர் வி வுட் பேத் இன் தி ரிவர்’ என்பது அழகான வாக்கியம். ஆனால் ஒரு நிலையைச் சொல்லும்போது ‘வுட்’ பயன்படாது. 1996-இல் பெயர் மாறிய நம் தலைநகரைப் பற்றி ‘சென்னை யூஸ்ட் டு பி கால்ட் மெட்ராஸ்’ என்று மட்டுமே சொல்ல முடியும்.

படி 3: ஆண்டுக்கணக்கு வந்தால் விலக்குங்கள்

எத்தனை முறை, எத்தனை ஆண்டுகள், எந்த ஆண்டிலிருந்து எதுவரை என்று அளந்து சொல்லும் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ பொருந்தாது. சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் வண்டிகள் ஓடின. ஆண்டுகளைச் சொல்லாமல் ‘டிராம்ஸ் யூஸ்ட் டு ரன் இன் மெட்ராஸ்’ எனலாம். ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘டிராம்ஸ் ரேன் இன் மெட்ராஸ் ஃப்ரம் 1895 டு 1953’ என்று வெறும் இறந்தகாலத்தில் முடித்துவிட வேண்டும்.

படி 4: கேள்வியும் மறுப்பும்

‘டிட்’ வந்ததும் இறந்தகாலப் பொறுப்பை அதுவே ஏற்றுக்கொள்கிறது. எனவே ‘டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?’, ‘ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி’ என்று, இறுதி ‘டி’ எழுத்து இல்லாமல் எழுத வேண்டும். பேச்சில் இரண்டு வடிவங்களும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் எழுதும்போது தடுமாறும் இடம் இது. தடுமாற்றமே வேண்டாம் என்றால் ‘நெவர்’ கைகொடுக்கும்: ‘ஐ நெவர் யூஸ்ட் டு லைக் காஃபி’.

படி 5: ஒலியைக் கவனியுங்கள்

‘பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் வரும் சொல்லையும் இதே எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள். ஒலி வேறு. அதில் நடுவே வருவது தேனீயின் ரீங்காரம் போன்ற அதிர்வொலி; விரலைத் தொண்டையில் வைத்துச் சொன்னால் அதிர்வு தெரியும். நம் ‘யூஸ்ட் டு’வில் வருவது பாம்பு சீறுவது போன்ற அதிர்வில்லாத ‘ஸ்’. மேலும், இரண்டு சொற்களையும் பிரித்து உச்சரிக்காமல் ‘யூஸ்டு’ என்று ஒரே மூச்சில் சொல்வதே இயல்பு.

படி 6: முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’ வந்தால் பொருளே வேறு

‘ஐ யூஸ்ட் டு டிரைவ்’ என்றால் முன்பு வண்டி ஓட்டினேன், இப்போது ஓட்டுவதில்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்’ என்றால் வண்டி ஓட்டுவது எனக்குப் பழகிப்போன விஷயம். நடுவே நுழைந்த ‘ஆம்’ என்ற சிறு சொல்லும், வினையின் முடிவில் ஒட்டிய ‘இங்’கும் பொருளைத் தலைகீழாக்கிவிடுகின்றன. இங்கே ‘டு’வுக்குப் பின் பெயர்ச்சொல்லும் வரலாம்: ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்’, அதாவது வெயில் எனக்குப் பழகிவிட்டது.

பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாகப் பழகவில்லை என்றால் ‘கெட்’ வருகிறது. இந்தியாவில் இடப்பக்கம் வண்டி ஓட்டிப் பழகிய ஒருவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறார். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் வாரம் அவர் ‘ஐ ஆம் நாட் யூஸ்ட் டு டிரைவிங் ஆன் தி ரைட்’ என்பார். ஒரு மாதம் கழித்து ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’ என்பார். ஆறு மாதத்தில் ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்று தோளைக் குலுக்குவார்.

‘திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் பிரெட்’ என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரொட்டி வெட்டப் பயன்படும் கத்தி, ரீங்கார ஒலிக்காரச் சொல்.

படி 7: எழுதிப் பாருங்கள்

கீழுள்ள மூன்று வாக்கியங்களை, விடையைப் பார்க்காமல் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்பா முன்பெல்லாம் தந்தி அனுப்புவார். அம்மா தினமும் ஐந்து மணிக்கு எழுவார். எனக்கு இரவு வேலை பழகிவிட்டது.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டதால், முதலாவதில் ‘யூஸ்ட் டு’வுக்குச் சந்தேகமே இல்லை: ‘மை ஃபாதர் யூஸ்ட் டு சென்ட் டெலிகிராம்ஸ்’. மூன்றாவது ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்’. இரண்டாவதில் ‘எழுவார்’ என்று முடிந்திருக்கிறதே என்று ‘வில்’ போட்டவர்களும், வழக்கம்தானே என்று ‘யூஸ்ட் டு’ போட்டவர்களும் முதல் படிக்குத் திரும்புங்கள். அம்மா நாளையும் ஐந்து மணிக்கு எழத்தான் போகிறார், எனவே ‘மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ் எவ்ரி டே’.